‘குறிப்பு’ என்ற கட்டம்

பிளஸ் ஒன்னில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடப்பிரிவு என்று ஒதுக்கும் வேலை பதினான்கு வருடங்களாகச் சோலையிடம் இருந்தது. திருச்சுழிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் அவர் இயற்பியல் ஆசிரியர். அதே ஊர்க்காரர். வயது ஐம்பத்தொன்று. அப்பா விட்டுப்போன பதினொரு ஏக்கர் கரிசலில் மழை பெய்த வருடம் பருத்தியும் உளுந்தும் போடுவார், பெய்யாத வருடம் சும்மா போட்டுவிடுவார். பிள்ளைகளைக் கைநீட்டி அடித்ததில்லை. காசு வாங்கி டியூசன் எடுத்ததில்லை. காலனிப் பிள்ளைகளையும் ஊருக்குள் இருக்கிற பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வைப்பார். நியாயமான மனுசன் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அவருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை.

அந்தப் பள்ளியில் பாதிப் பேர் ஊருக்குள் இருக்கிற நிலக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள். மீதிப் பாதி காலனிப் பிள்ளைகள். அவர்களுடைய தாத்தாக்கள் அந்த நிலங்களில் கூலிக்கு நின்றவர்கள். இப்போது அப்பாக்கள் லோடு ஆட்டோ ஓட்டினார்கள், நூற்பு மில்லுக்கு ஷிப்டு போனார்கள், திருப்பூரில் இருந்தார்கள். பிளஸ் ஒன்னில் உயிரியலும் கணிதமும் சேர்ந்த அறிவியல் பிரிவுக்கு ஐம்பது இடம். மற்றவர்களுக்குக் காமர்ஸ், அல்லது தொழிற்பிரிவு.

போன வருடம் வேதியியலுக்குத் தங்கமாரி மாற்றலாகி வந்தார். மல்லாங்கிணறு பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். அருப்புக்கோட்டையில் வாடகை வீடு. தினமும் காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் பஸ்ஸில் போவார். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் லேபில் அமில பாட்டில்களை எடுத்து வைத்துக்கொண்டே சோலையிடம் கேட்டார்.

“சார், பத்தாம் வகுப்புல பாதிப் பேரு காலனிப் பிள்ளைக. பிளஸ் ஒன் சயின்ஸ்ல அம்பதுக்கு ஏழு பேருதான் இருக்காக. மிச்சப் பேரு எங்க போறாக?”

“அவுக கேக்கிறதில்ல டீச்சர். சீக்கிரம் ஒரு வேலைக்குப் போகணும்னு காமர்ஸ் எடுத்துக்கிறாக. நம்மளா மாட்டேன்னு சொல்றோம்?”

“கேக்கிறதில்லைன்னு எப்பிடித் தெரியும்?”

“பதினாலு வருசமா நாந்தான போடுறேன்.”

“அப்ப பழைய அப்ளிகேஷன் எல்லாம் இருக்கும்ல சார். அதுல விருப்பம்னு ஒரு கட்டம் இருக்கு. எண்ணிப் பாத்தாத் தெரிஞ்சிரும்.”

பாட்டிலில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிற குரலில்தான் அதைச் சொன்னார். சோலைக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. நானே எண்ணிச் சொல்கிறேன் என்றார். எண்ணிக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தார்.

மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. சாவியை வாங்கிக்கொண்டு இயற்பியல் லேபைத் திறந்து, இரும்பு பீரோவிலிருந்து விண்ணப்பக் கட்டுகளை இறக்கினார். இரண்டாயிரத்துப் பதின்மூன்றிலிருந்து இருந்தன. முந்தியவற்றைக் கரையான் தின்றிருந்தது. கொரோனா வருடங்கள் இரண்டையும் விட்டுவிட்டார், அந்த மதிப்பெண்களை நம்ப முடியாது. மிச்சம் ஒன்பது வருடம். மின்விசிறி போட்டால் தாள் பறந்தது. நிறுத்தினால் வேர்வை தாளில் சொட்டியது. ஒரு துண்டை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு எண்ணினார்.

கணக்கைச் சரியாகப் போட வேண்டும் என்பதால் பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூறிலிருந்து நானூற்றைம்பது வரை எடுத்த பிள்ளைகளை மட்டும் பிரித்தார். அதற்கு மேலே எடுத்தவர்களுக்கு எப்படியும் கிடைக்கும், கீழே எடுத்தவர்களுக்குக் கிடைப்பது அபூர்வம். அதில் அறிவியலை முதல் விருப்பமாக எழுதியவர்களைத் தனியே வைத்தார். அந்த அடுக்கே அவர் எதிர்பார்த்ததைவிட உயரமாக இருந்தது. ஊருக்குள் இருந்து எண்பத்தெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள். எண்பத்து நான்கு பேருக்குக் கிடைத்திருந்தது. காலனியில் இருந்து அறுபத்தொரு பேர் கேட்டிருந்தார்கள். பத்தொன்பது பேருக்குக் கிடைத்திருந்தது.

எண்ணியதில் தப்பு இருக்கும் என்று மறுநாள் முதலிலிருந்து எண்ணினார். அதே எண்கள் வந்தன. காலனிப் பிள்ளைகளுக்குக் கணக்கில் மார்க் குறைவாக இருந்திருக்கும் என்று தோன்றியது. கணக்கில் எழுபத்தைந்துக்குக் குறைந்தவர்களை இரண்டு பக்கமும் கழித்துவிட்டுப் பார்த்தார். வித்தியாசம் அப்படியே நின்றது. மூன்றாவது நாள் வேறு காரணம் தேடித்தான் விண்ணப்பத்தின் அடியில் இருந்த ‘குறிப்பு’ என்ற கட்டத்தைப் படிக்கத் தொடங்கினார். ஒதுக்குகிற ஆசிரியர் எழுத வேண்டிய கட்டம் அது. எல்லாமே அவர் கையெழுத்து.

‘தந்தை கூலி. செலவு தாங்காது.’ ‘குடும்பச் சூழல். காமர்ஸ் பொருத்தம்.’ ‘பெண் பிள்ளை, தூரம். தொழிற்பிரிவு நலம்.’ காலனி விண்ணப்பங்களில் இப்படி. ஊருக்குள்ளும் ஏழைகள் இருந்தார்கள். டீக்கடையில் வேலை பார்த்த ஒருவரின் மகனுக்கு நானூற்றேழு மார்க். அவனுடைய தாளில் ‘ஏழை மாணவர். ஊக்கம் தேவை. அறிவியல் தரலாம்’ என்று எழுதியிருந்தார். அதே வருடம், அதே கட்டில், பன்னிரண்டு தாள் தள்ளி மாரிக்கனி என்ற பெண். நானூற்று முப்பத்தொன்று. விருப்பம்: அறிவியல். அடியில்: ‘தந்தை விவசாயக் கூலி. செலவு தாங்காது. கணக்குப் பதிவியல் போதும்.’

அந்தப் பெண்ணின் அப்பா கருத்தப்பாண்டி அன்று வந்து நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. பிள்ளைக்குக் காமர்ஸே போதும் என்று பக்குவமாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுத்தார்.

தாள்களைக் கட்டி உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். சாப்பிட்டார். மனைவி முருகலட்சுமி என்ன ஒரு மாதிரி இருக்கீக என்று கேட்டபோது சொன்னார்.

“நீங்க யாரையும் கெடுக்கணும்னு செய்யலையே” என்றாள் அவள்.

“இல்ல.”

“பெறகென்ன?”

சோலை எழுந்து வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தார்.

தேர்வு முடிவு வந்த வாரத்தில் தங்கமாரி பள்ளிக்கு வந்தார். சோலை ஒரு முழுத்தாளில் எழுதிவைத்திருந்த அட்டவணையை நீட்டினார். அவர் நின்றுகொண்டே படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார். ஜெயித்த முகம் இல்லை.

“நான் பாதின்னு நெனச்சிருந்தேன் சார். மூணுல ஒண்ணுகூட வரல.”

“ஆமா.”

“இதுல கையெழுத்துப் போட்டுத் தருவீகளா?”

“எதுக்கு?”

“நான் எண்ணுனேன்னு சொன்னா, இவ அங்கிட்டு ஆளு, அப்பிடித்தான் எண்ணுவான்னு சொல்லுவாக. நீங்க எண்ணுனா எண்ணுனதுதான்.”

அன்றைக்குப் போடவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போட்டால் யார் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலையில் பேனாவை எடுத்து, இரண்டு பிரதிகளில் பெயர், பதவி, தேதியோடு கையெழுத்துப் போட்டு, ஒன்றைத் தங்கமாரியிடமும் இன்னொன்றைத் தலைமையாசிரியர் சின்னச்சாமியிடமும் கொடுத்தார்.

சின்னச்சாமி ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தவர். தாளை மேசையில் வைத்து அதன்மேல் பேப்பர் வெயிட்டை வைத்தார்.

“எண்ணுனது சரி சார். கையெழுத்து என்னத்துக்குப் போட்டீக?”

“நான் எண்ணுனதால.”

“இது மேல போச்சுன்னா மொதல்ல உங்களத்தான் கேப்பாக. ஒதுக்குனது நீங்க.”

“கேக்கட்டும் சார். இந்த வருசம் குறிப்பு எழுதப்போறதில்ல. முதல் விருப்பம், மார்க்கு. ரெண்டும் மட்டும். லிஸ்ட்ட மார்க்கோட போர்டுல ஒட்டிருவோம்.”

சின்னச்சாமி பேப்பர் வெயிட்டை எடுத்துவிட்டுத் தாளை மேசை டிராயருக்குள் வைத்தார். பிறகு, பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரர்கள் வந்தால் சோலைதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றார் சோலை.

பட்டியல் ஜூன் முதல் வாரத்தில் ஒட்டப்பட்டது. மார்க் மட்டும்தான் என்று தெரிந்ததும் காலனியிலிருந்து கேட்டவர்களும் கூடியிருந்தார்கள், ஐம்பது பேரில் இருபத்திரண்டு பேர் காலனி. கடைசிப் பெயருக்கு நானூற்றாறு மார்க். சோலையின் மைத்துனன் வீரபாண்டியின் மகள் முனீஸ்வரி முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அவள் பெயர் காமர்ஸ் பட்டியலில் இருந்தது.

அன்று சாயங்காலமே வீரபாண்டி வந்தான். பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அக்கா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

“மச்சான், எட்டு மார்க்கு. எட்டே மார்க்கு.”

“எட்டு மார்க்குத்தான் மாப்ள.”

“நர்சிங்கு படிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு அது. உங்க கையிலதான இருந்துச்சு லிஸ்ட்டு?”

“இத்தன வருசமா எங் கையில இருந்துச்சு. அதுதான் தப்பாப் போச்சு.”

“என்ன தப்பாப் போச்சு? நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல நம்ம பிள்ளைக்கு எடம் இல்ல. ஊருல சிரிக்கிறாக.”

சோலை அந்த நானூற்று முப்பத்தொரு மார்க் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னார். வீரபாண்டி கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்து, “அது யாரு வீட்டுப் பிள்ள?” என்றான். கருத்தப்பாண்டி மகள் என்றதும் எழுந்துவிட்டான்.

“கருத்தப்பாண்டி மகளுக்காக எம் மகள வெளிய விட்டீக.”

“அவளுக்காக இல்ல. அவளுக்கு ஒண்ணும் செய்ய முடியாது இனிமே.”

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அக்காவிடம் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். முனீஸ்வரியை அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அறிவியல் கிடைத்தது. ஆவணியில் அவன் வீட்டுக் காதுகுத்துக்குச் சோலைக்கு அழைப்பு வரவில்லை. முருகலட்சுமி மட்டும் போய்வந்தாள். திரும்பி வந்த பிறகு இரண்டு நாள் அவள் சோலையிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அதன் பிறகு பேசினாள். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஊருக்குள் இருந்து இன்னும் நான்கு பேர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். காலி இடங்களையும் மார்க் வரிசையில்தான் நிரப்பினார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் வந்தார்கள், சத்தம் போட்டார்கள். சோலை அட்டவணையை எடுத்துக் காட்டினார். ஒருவர் மட்டும் அதை முழுக்கப் படித்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மாரிக்கனி அருப்புக்கோட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறாள் என்று தங்கமாரி விசாரித்துச் சொன்னார். முதல் தடவை போனபோது சோலை கூட்டத்தில் நின்று, தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனார். அவள் ஒரு வயதானவரிடம் எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று அட்டையில் பேனாவால் கோடு போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் நாற்காலியில் ஒரு இளைஞன் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன வேணும் சார்?” என்றாள். பிறகு, “சோலை சாரா?” என்றாள்.

அவர் நின்றபடியே சொன்னார். எண்ணியதை, அவளுடைய தாளை, அடியில் எழுதியிருந்ததை. வீட்டில் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் வந்தது.

மாரிக்கனி மாத்திரைப் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தாள்.

“ஒம்பது வருசமா இங்கதான் இருக்கேன் சார். எந்த மருந்துக்கு எது மாத்துன்னு எனக்குத் தெரியும். டாக்டரு கையெழுத்து எனக்குத்தான் புரியும். ஆனா எம் பேர்ல லைசன்ஸ் கெடையாது. பார்மசி படிக்கலாம்னு போனேன். பிளஸ் டூல சயின்ஸ் இல்லன்னுட்டாக.” பின்னால் இருந்தவனைக் கண்ணால் காட்டினாள். “அவருதான் பார்மசிஸ்ட்டு. போன வருசம் வந்தாரு. நாந்தான் வேல சொல்லிக் குடுத்தேன்.”

சோலை அந்த இளைஞனைப் பார்த்தார்.

“அன்னைக்கு அப்பா வீட்டுக்கு வந்து என்ன சொன்னாருன்னு தெரியுமா? சோலை வாத்தியாரு நம்ம மேல எம்புட்டு அக்கறையாப் பேசுனாருன்னாரு. தண்ணி குடுத்தாருன்னாரு. ரொம்ப நாளு அதச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். நமக்கு வராதுன்னு.”

ஒருவர் வந்து இருமல் மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“அந்தத் தாளு எனக்கு வேணும் சார்.”

“காப்பி எடுத்துத் தாரேன்.”

“சரி” என்றாள். உட்காரச் சொல்லவில்லை. அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். திங்கட்கிழமை தங்கமாரியின் கையில் நகலைக் கொடுத்து அனுப்பினார்.

பத்து நாள் கழித்து, மத்தியான இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் கருத்தப்பாண்டி வந்து நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பந்தல்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். காக்கிச் சட்டையோடுதான் வந்திருந்தார். உள்ளே ஆறேழு ஆசிரியர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கமாரியும் இருந்தார்.

சோலை எழுந்தார். “வாங்க, உக்காருங்க” என்றார். இத்தனை வருடத்தில் அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை என்பது, சொன்ன பிறகுதான் சோலைக்கே தெரிந்தது.

“நிக்கிறேன் சார்.” கருத்தப்பாண்டி சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். “இது நீங்க எழுதுனதுன்னு மக சொல்லுச்சு. வாசிச்சும் காட்டுச்சு. நீங்க ஒருக்கா வாசிங்க. கேக்கணும்.”

டிபன் பாக்ஸ்களின் சத்தம் நின்றது. சின்னச்சாமி அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சோலை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“தந்தை விவசாயக் கூலி. செலவு தாங்காது. கணக்குப் பதிவியல் போதும்.”

“செலவு தாங்காதுன்னு அன்னைக்கு நான் சொன்னேனா?”

“சொல்லல.”

“நீங்க கேட்டீகளா?”

“கேக்கல.”

“எட்டு ஆடு நின்னுச்சு எங்கிட்ட. சயின்ஸுக்குக் கூடுதலா ஆகும்னு சொல்லிக்கிட்டாக, ரெண்ட வித்து மகளுக்குப் பையும் புத்தகமும் வாங்கிரலாம்னு நெனச்சுத்தான் வந்தேன். நீங்க பேசுனதக் கேட்டுட்டு, வாத்தியாருக்குத் தெரியாததான்னு போயிட்டேன். கேட்டிருந்தா சொல்லிருப்பேன் சார்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. சோலை தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தப்பு என்னுதுதான் என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். கருத்தப்பாண்டி கையை நீட்டித் தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“வாரேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆசிரியர்கள் மறுபடி சாப்பிடத் தொடங்கினார்கள். சோலை தன் டிபன் பாக்ஸைச் சாப்பிடாமலே மூடினார்.

அரையாண்டுத் தேர்வில் அறிவியல் பிரிவில் ஏழு பேர் இயற்பியலில் தவறினார்கள். நான்கு பேர் காலனி, மூன்று பேர் ஊர். ஊருக்குள் அந்த நான்கைப் பற்றி மட்டும் பேச்சு இருந்தது. சின்னச்சாமி ஓய்வு பெற்றுப் போனார். வந்த புதிய தலைமையாசிரியர், போன ஜூனில் செய்தது போலவே இந்த ஜூனிலும் பட்டியலை ஒட்டினால் போதும் என்றார். சோலை அந்த வேலையிலிருந்து தன்னை விட்டுவிடச் சொல்லிக் கேட்டார்.

தங்கமாரி லேபுக்கு வந்து அவரைப் பார்த்தார். “எதுக்கு சார் விடுறீக?”

“எனக்கு அந்தத் தகுதி இல்ல டீச்சர்.”

“லிஸ்ட்ட மார்க்குப்படி ஒட்டுறதுக்குத் தகுதி என்னத்துக்கு? நீங்க விட்டா வேற ஒருத்தர் கையில போகும். அவரு குறிப்பு எழுத ஆரம்பிச்சா நான் மறுபடியும் மொதல்லருந்து கேக்கணும். நீங்களே போடுங்க.”

அவரே போட்டார்.

மாரிக்கனி ஓப்பன் ஸ்கூலில் பிளஸ் டூ அறிவியல் எழுதப் பணம் கட்டியிருப்பதாகத் தங்கமாரிதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்முறைக்கு மதுரை போய்வந்தாள். ஏப்ரலில் எழுதியதில் வேதியியலும் உயிரியலும் தேறி, இயற்பியல் மட்டும் நின்றுபோனது.

“அக்டோபர்ல திரும்ப எழுதுறா” என்றார் தங்கமாரி.

“நான் சொல்லித் தரட்டுமா? ஞாயித்துக்கெழம சும்மாதான் இருக்கேன்.”

“நீங்க கேட்டீகன்னு சொல்றேன் சார். அவ வேணும்னா வருவா.”

அவள் வரவில்லை. சோலை மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயும் வெளியே போகாமல் இருந்தார்.

டிசம்பரில் ஒருநாள் பந்தல்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கருத்தப்பாண்டி லாரிகளைப் பார்த்துப் பார்த்துக் கடந்து வந்தார். அவரும் அருப்புக்கோட்டைக்குத்தான்.

“பாஸாயிருச்சு சார்” என்றார். “உங்க பாடமும்.”

“எம்புட்டு?”

“அறுவத்திரெண்டு.”

நல்ல மார்க்குத்தான் என்றார் சோலை. பஸ் வந்தது. கருத்தப்பாண்டி முன்வாசலில் ஏறினார். சோலை பின்வாசலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் வந்தபோது சோலை இரண்டு டிக்கெட்டுக்குக் காசை நீட்டினார். முன்னால் ஏறிய காக்கிச் சட்டைக்காரர் ஏற்கெனவே தன் டிக்கெட்டை எடுத்துவிட்டிருந்தார்.